ஸ்விட்ச் ஸ்டாக்கில் ஆக்டிவ் யார்? பிரையாரிட்டி வைக்க நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"ஐந்து ஸ்விட்சை ஸ்டாக் போட்டிருக்கிறேன். எதற்கு எவ்வளவு பிரையாரிட்டி கொடுப்பது?" (ஸ்டாக் என்பது பல ஸ்விட்ச்களைக் கேபிளால் இணைத்து ஒன்றாக இயக்குவது. அதன் தலைமைப் பெட்டிதான் ஆக்டிவ். யார் தலைமை என்ற தேர்தலில் பார்க்கப்படும் எண்தான் பிரையாரிட்டி.) இந்தக் கேள்வியோடு வருபவர்களில் இரண்டு வகை உண்டு. எதையும் தொடாமல் விட்டுவிட்டு, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு ரேக்கின் அடித்தட்டில் இருக்கும் மிகப் பழைய ஸ்விட்ச் ஆக்டிவாக உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்கள் ஒரு வகை. 15, 14, 13 என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தும், 15 கொடுத்த பெட்டி சும்மா மெம்பராக நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிபவர்கள் இன்னொரு வகை.

இரு சாராருக்கும் என் பதில் ஒன்றுதான். எந்த எண் என்று யோசிப்பதற்கு முன்னால், விழுந்துபோன ஆக்டிவ் சரியாகித் திரும்பி வரும்போது என்ன நடக்கவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அதைத் தீர்மானித்துவிட்டால் எண்ணை முடிவு செய்வது சுலபம்.

பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரக்கஸ் ஐசிஎக்ஸில் ஆக்டிவ் கன்ட்ரோலர், ஸ்டாண்ட்பை கன்ட்ரோலர் என்பார்கள். ஜூனிப்பரில் பிரைமரி, பேக்கப், லைன் கார்டு. பழைய சிஸ்கோ மாடல்களில் மாஸ்டர். இங்கே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆக்டிவ், ஸ்டாண்ட்பை (ஆக்டிவ் விழுந்தால் பொறுப்பேற்பவர்), மெம்பர் (மற்றவர்கள்) என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

ஸ்டாக்கின் கன்ஃபிக் (அமைப்பு விவரங்கள்), மேனேஜ்மென்ட் ஐபி, ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் முறை), ரூட்டிங் கணக்கு எல்லாம் ஆக்டிவின் கையில். ஆனால் பாக்கெட்டைத் தள்ளுவது அந்தந்தப் பெட்டியின் சிப். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் ஆக்டிவ் 1-ஆக இருந்தாலும் 4-ஆக இருந்தாலும் பயனருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது சில தருணங்களில் மட்டுமே. அந்தத் தருணங்கள்தான் நம் அளவுகோல்:

- மொத்த ஸ்டாக்கும் அணைந்து எழும்போது யார் ஆக்டிவ் ஆகிறார்?
- ஆக்டிவ் விழுந்தால் பொறுப்பு எங்கே போகிறது? அந்தப் பெட்டிக்கு அதற்கான தகுதி (மேல் நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பான அப்லிங்க், பவர், லைசென்ஸ்) இருக்கிறதா?
- விழுந்தது திரும்பி வரும்போது பொறுப்பைப் பிடுங்கிக்கொள்கிறதா?
- பழுதான பெட்டியை மாற்றும்போது, அல்லது புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது என்ன ஆபத்து?
- நள்ளிரவில் கன்சோலில் உட்காரும், இந்த ஸ்டாக்கை முன்பின் பார்த்திராத ஒருவருக்கு நிலைமை புரியுமா?

மூன்றாவதுதான் மிக முக்கியம். அதைத் தனியாகப் பார்த்துவிடுவோம்.

## முதலில் உங்கள் ஸ்விட்சின் குணம்

வெளியூர் போன மூத்தவர் வீடு திரும்பியதும் சாவிக்கொத்தை உடனே கேட்டு வாங்குபவரா, இல்லை "நீயே பார்த்துக்கொள்" என்று விடுபவரா? ஸ்விட்ச் குடும்பங்களிலும் இந்த இரண்டு குணமும் உண்டு.

சிஸ்கோ ஸ்டாக்வைஸ் விட்டுக்கொடுக்கும் ரகம். தேர்தலில் முதல் விதியே "இப்போது ஆக்டிவாக இருப்பவர் தொடரட்டும்" என்பதுதான். பிரையாரிட்டி அதற்கு அடுத்தது. ஹெச்பிஇ, ஹெச்3சி பெட்டிகளின் ஐஆர்எஃப் முறையும் அப்படித்தான். அதிக பிரையாரிட்டி உள்ள புதிய மெம்பர் வந்து சேர்ந்தாலும் இருக்கும் மாஸ்டர் அசையாது. ஹுவாவே ஐஸ்டாக்கில் ஓடும் நிலை முதலில், பிரையாரிட்டி பிறகு.

ஜூனிப்பர் விர்ச்சுவல் சேசிஸ் நேர் எதிர். அங்கே முதல் விதியே பிரையாரிட்டி. அது சமமாக இருந்தால்தான் கடைசியாக யார் பிரைமரியாக இருந்தார் என்று பார்க்கும். அதுவும் தீரவில்லை என்றால் யார் அதிக நேரம் ஓடுகிறார், கடைசியாகக் குறைந்த மேக் முகவரி (ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிப்பிலேயே தரப்படும் அடையாள எண்).

| குடும்பம் | பிரையாரிட்டி எல்லை | பெட்டியோடு வரும் மதிப்பு | அதிக பிரையாரிட்டி திரும்பி வந்தால் |
|---|---|---|---|
| சிஸ்கோ ஸ்டாக்வைஸ் | 1–15 | 1 | இருப்பவரே தொடர்வார் |
| ஐஆர்எஃப் | 1–32 | 1 | இருப்பவரே தொடர்வார் |
| ஹுவாவே ஐஸ்டாக் | 1–255 | 100 | இருப்பவரே தொடர்வார் |
| ஜூனிப்பர் விர்ச்சுவல் சேசிஸ் | 0–255 | 128 | பொறுப்பைப் பிடுங்கும் |
| அரூபா சிஎக்ஸ் 6300 விஎஸ்எஃப் | எண் கிடையாது | மெம்பர் 1 தான் தலைமை | – |

இந்தப் பட்டியலில் உங்கள் பெட்டி எந்த வரிசை என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள். ஒரு குடும்பத்தில் நல்ல வழக்கமாக இருப்பது இன்னொன்றில் வினையாகும்.

## வழி 1: வந்தபடியே விடுவது

எல்லாப் பெட்டியிலும் ஒரே பிரையாரிட்டி. சமநிலை வந்தால் கடைசியில் தீர்ப்பது பெரும்பாலும் மேக் முகவரி, குறைந்தது ஜெயிக்கும். முகவரிகள் தயாரிப்பின் போக்கில் ஒதுக்கப்படுவதால், முன்னால் வாங்கிய பெட்டிக்குக் குறைந்த முகவரி இருப்பது சகஜம். அதனால்தான் பத்துப் பெட்டியில் மிகப் பழையது தலைமைக்கு வந்துவிடும் வேடிக்கை நடக்கிறது. விதி என்று சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் கட்டலாம்.

இதன் மறைந்த செலவு மின்வெட்டில் தெரியாது. ஸ்பேர் பெட்டியைச் சேர்க்கும்போதுதான் தெரியும். ஓடும் ஸ்டாக் ஒன்று. பக்கத்தில் பவர் கொடுத்துத் தனியாக எழுப்பி வைத்த ஒரு ஸ்பேர். அதுவும் தன்னளவில் ஒரு ஆக்டிவ்தான். ஸ்டாக் கேபிளைச் செருகியதும் இரண்டு ஆக்டிவ்கள் நேருக்கு நேர். "இருப்பவர் தொடரட்டும்" என்ற விதி இங்கே இருவருக்கும் பொருந்துவதால் தீர்க்காது. அடுத்த விதியான பிரையாரிட்டிக்குப் போகும். அதுவும் சமம் என்றால் மேக். சிஸ்கோ 3850, 9300 போன்றவற்றில் தோற்ற பக்கம் மொத்தமும் ரீலோட் ஆகி, ஜெயித்தவரின் கன்ஃபிக்கோடு எழும். ஜெயித்தது காலி கன்ஃபிக் உள்ள ஸ்பேராக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய 3750-இல் பிரையாரிட்டிக்கும் மேக்குக்கும் நடுவே "காலி கன்ஃபிக் இல்லாதவருக்கு முன்னுரிமை" என்ற விதி இருந்தது, ஓரளவு காப்பாற்றியது. பின்வந்த தலைமுறையில் அந்த வேலி இல்லை.

இரண்டே பெட்டி, ஒரே மாடல், ஒரே வயது, இரண்டிலும் அப்லிங்க் என்றால் இந்த வழி தாராளமாகப் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. மறுக்கமாட்டேன். ஆனாலும் ஸ்பேர் கதையை நினைத்து இரண்டுக்குமே பிரையாரிட்டியை ஏற்றி வைப்பேன். ஒரு வரி வேலைதானே.

## வழி 2: ஏணி வரிசை

ஒன்றுக்கு 15, இரண்டுக்கு 14, மூன்றுக்கு 13 என்று இறங்கிக்கொண்டே போவது. சிஸ்கோ பழக்கம் உள்ளவர்கள் யோசிக்காமல் செய்வது இதுதான். விட்டுக்கொடுக்கும் குடும்பங்களுக்கு நல்ல வழியும் இதுதான். யார் ஆக்டிவ் ஆகவேண்டும், அவர் போனால் யார், அவரும் போனால் யார் என்பது ஒரே பார்வையில் தெரியும். பெட்டியோடு வந்த எண்ணை மாற்றாமல் வெளியிலிருந்து வரும் எந்தப் பெட்டியும் தற்செயலாக ஜெயிக்காது. திரும்பி வருபவர் பிடுங்கமாட்டார் என்பதால் ஏணியால் கெடுதலும் இல்லை.

ஆனால் ஏணி உத்தரவாதம் தருவதாக நினைப்பதுதான் தவறு. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு நான்கு பெட்டி ஸ்டாக்கில் "ஷோ ஸ்விட்ச்" கட்டளை கொடுத்தால் இப்படி வரலாம்:

| எண் | பொறுப்பு | பிரையாரிட்டி | நிலை |
|---|---|---|---|
| 1 | மெம்பர் | 15 | ரெடி |
| 2 | ஸ்டாண்ட்பை | 14 | ரெடி |
| *3 | ஆக்டிவ் | 13 | ரெடி |
| 4 | மெம்பர் | 12 | ரெடி |

15 இருந்தும் ஒன்றாம் பெட்டி மெம்பர். பழுது எதுவும் இல்லை. 3-ம் 2-ம் ஒரு யுபிஎஸ்ஸில். அது முதலில் எழுந்தது. அதிலும் 2 மெதுவாக எழுந்திருக்கும். 1-ம் 4-ம் வேறு பவர் ஃபீடில். அது வர நேரமானது. 9300 எழும்போது மற்றவர்களுக்காக 120 விநாடி காத்திருக்கும். 3750-இல் அந்த இடைவெளி 20 விநாடி. அந்த நேரத்துக்குள் வந்தவர்களுக்குள் மட்டும்தான் தேர்தல். 3 காத்திருந்து, யாரும் வரவில்லை என்று ஆக்டிவ் ஆனது. அடுத்து வந்த 2 ஸ்டாண்ட்பை ஆனது. கடைசியாக 15-ஓடு வந்த 1-க்கு நாற்காலி காலி இல்லை. அட்டவணையில் உள்ள எண்கள் அடுத்த தேர்தலுக்கான விருப்பம் மட்டுமே. நடந்து முடிந்த தேர்தலை அவை திருத்தாது.

இந்த இடத்தில்தான் பலர் வலியப்போய் சிக்கிக்கொள்கிறார்கள். "15 தானே ஆக்டிவ் ஆகவேண்டும்" என்று கட்டாய ஸ்விட்ச்ஓவர் கட்டளை கொடுப்பார்கள். சிஸ்கோவில் அந்தக் கட்டளை இப்போதைய ஆக்டிவை ரீலோட் செய்யும். பொறுப்பு போவது ஸ்டாண்ட்பையான 2-க்கு, 1-க்கு அல்ல. மூன்றாம் பெட்டியில் செருகியிருக்கும் போன், கேமரா, ஆக்சஸ் பாயின்ட் அத்தனையும் அது எழும்வரை சில நிமிடம் செத்துக் கிடக்கும். முடிவில் 1 இன்னமும் ஆக்டிவ் இல்லை. அழகுக்காகச் செய்யும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். 3-க்கு அப்லிங்க், பவர் எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது ஆக்டிவாக இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த பராமரிப்பு நேரத்தில் மொத்த ஸ்டாக்கையும் ரீலோட் செய்யும்போது எண்கள் தாமாக வேலை செய்யும்.

ஏணியின் இன்னொரு மறைந்த செலவு: சிஸ்கோவில் மெம்பர் எண்ணும் பிரையாரிட்டியும் அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன, ஸ்டாக்கின் கன்ஃபிக் ஃபைலில் இல்லை. பழுதான 15-ஐக் கழற்றி, கம்பெனி அனுப்பிய மாற்றுப் பெட்டியை வைத்தால் அது பிரையாரிட்டி 1-ஓடு வந்து நிற்கும். கன்ஃபிக் பேக்கப் எடுத்து வைத்திருப்பதால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்பியிருந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போயிருப்பது அடுத்த மின்வெட்டு வரை தெரியாது. 3850, 9300-இல் பிரையாரிட்டி வைப்பது கன்ஃபிக் மோடில்கூட இல்லை, அதற்கு வெளியே கொடுக்கும் கட்டளை. கன்ஃபிக் டெம்ப்ளேட் தள்ளும் ஆட்டோமேஷன் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாக ஒரு படியாகச் சேர்க்கவேண்டும்.

எட்டுப் பெட்டி என்றால் 15-லிருந்து 8 வரை இறக்க வேண்டுமா? தேவையில்லை. முதல் மூன்றுக்கு 15, 14, 13, மற்றவற்றுக்கு 1. மூன்று பெட்டி ஒரே நேரத்தில் விழுந்த ஸ்டாக்கில் நான்காவது யார் என்பது உங்கள் முதல் கவலையாக இருக்காது.

இதே ஏணியை ஜூனிப்பரில் வைத்தால் கதை வேறு. மெம்பர் 0-க்கு 255, மெம்பர் 1-க்கு 254 என்று வையுங்கள். மெம்பர் 0-வின் பவர் சப்ளை சோர்ந்துபோய்ப் பெட்டி அடிக்கடி ரீபூட் ஆகிறது. அது விழும்போது பொறுப்பு 1-க்குப் போகும், சரி. அது எழுந்ததும் 255 ஜெயித்து பொறுப்பு மறுபடி 0-வுக்கு வரும். அரைகுறையாக மூச்சு விடும் பெட்டியிடம் ஸ்டாக்கின் தலைமை திரும்பத் திரும்பப் போகும். ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு கைமாற்றம். கிரேஸ்ஃபுல் ஸ்விட்ச்ஓவர் அமைப்பை (தலைமை மாறும்போது டிராஃபிக் தடைபடாமல் காப்பது) இயக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு கைமாற்றமும் டிராஃபிக்கிலேயே தெரியும். ஒரே ஒரு எண் வித்தியாசம் செய்யும் வேலை இது.

## வழி 3: மேலே இருவர் சமம்

ஆக்டிவுக்கும் ஸ்டாண்ட்பைக்கும் ஒரே உச்ச எண், மற்றவர்களுக்குக் கீழே. ஜூனிப்பர் தன் ஆவணங்களிலேயே பரிந்துரைப்பது இந்த முறையைத்தான்: இருவருக்கும் 255. மேலே சொன்ன சோர்ந்த பவர் சப்ளை இப்போது என்ன செய்யும்? 0 விழும், 1 எடுத்துக்கொள்ளும். 0 எழும், சமநிலை. கடைசியாகப் பிரைமரியாக இருந்தது 1, எனவே அதுவே தொடரும். 0 பேக்கப்பாக அடங்கி நிற்கும். எத்தனை முறை ரீபூட் ஆனாலும் தலைமை அசையாது. நீங்கள் நிதானமாகப் பவர் சப்ளையை மாற்றலாம்.

விட்டுக்கொடுக்கும் குடும்பங்களிலும் இதை வைக்கலாம், கெடுதல் இல்லை. பெரிய லாபமும் இல்லை; அங்கே திரும்பி வருபவர் எப்படியும் பிடுங்கப் போவதில்லை. எல்லாம் ஒன்றாக எழும்போது இருவரில் யார் என்பதை மேக் தீர்மானிக்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இருவரும் உண்மையிலேயே சமமாக இருக்கவேண்டும். ஒன்றில் இரண்டு பவர் சப்ளை, இன்னொன்றில் ஒன்று; ஒன்றில் அப்லிங்க் மாட்யூல், இன்னொன்றில் வெற்றுத் துளை என்று இருந்துகொண்டு எண்ணில் மட்டும் சமம் என்றால் அது ஏமாற்று வேலை. செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது பெட்டியையும் முதல் பெட்டியின் தரத்துக்கு உயர்த்தவேண்டும்.

நள்ளிரவு அளவுகோலில் இது கொஞ்சம் சறுக்கும். எண்ணைப் பார்த்து ஆக்டிவ் யார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் நிலையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் "ஆக்டிவ்" என்று ஸ்டிக்கர் ஒட்டி வைப்பவர்கள் இந்த முறைக்கு மாறினால் முதலில் அதைக் கிழித்துவிடுங்கள். கண்காணிப்பு மென்பொருளில் "பொறுப்பு மாறியது" என்ற எச்சரிக்கையை இயக்கிவையுங்கள். அது இல்லாவிட்டால் கைமாற்றம் நடந்ததே மாதக்கணக்கில் தெரியாமல் போகலாம். அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும்.

## வழி 4: பொறுப்பை எழுதியே வைத்துவிடுவது

எண்ணையும் தேர்தலையும் நம்பாமல், "தலைமைக்குத் தகுதி இந்த இரண்டுக்கு மட்டும்" என்று கன்ஃபிக்கிலேயே எழுதுவது. ஜூனிப்பரில் இதற்கு ப்ரீப்ரொவிஷன் என்று பெயர். ஒவ்வொரு பெட்டியின் சீரியல் நம்பரையும் எழுதி, ரூட்டிங் என்ஜினா (தலைமைக்குத் தகுதியுள்ளது) லைன் கார்டா (சாதாரண மெம்பர்) என்று குறித்துவிட வேண்டும். பிரையாரிட்டியை நீங்கள் வைக்க முடியாது. ரூட்டிங் என்ஜின் என்று குறித்த இரண்டுக்கும் தானாக 129, லைன் கார்டுகளுக்கு 0. கவனித்தால், இது மூன்றாம் வழியின் சமநிலையையே உள்ளடக்கியது. அரூபா சிஎக்ஸ் 6300-இல் தேர்ந்தெடுக்கவே இடமில்லை. மெம்பர் 1 தலைமை. இரண்டாவது தலைமை யார் என்பதை மட்டும் நீங்கள் ஒரு வரியில் சொல்கிறீர்கள். சிஸ்கோ 9300-இலும் ஆக்டிவ் இது, ஸ்டாண்ட்பை இது என்று ஆணியடித்து வைக்கும் 1:1 முறை உண்டு.

ஜூனிப்பர் ப்ரீப்ரொவிஷனில் யாரோ தெரியாமல் செருகிய பெட்டி ஸ்டாக்கில் சேரவே முடியாது. சீரியல் நம்பர் பட்டியலில் இல்லை. பல பேர் கை வைக்கும் ரேக்குகளில் இதைவிட நிம்மதி வேறில்லை.

விலை இரண்டு. ஒன்று, பழுதான பெட்டியை மாற்றும்போது புதிய சீரியல் நம்பரைக் கன்ஃபிக்கில் ஏற்றாமல் பெட்டி உள்ளே வராது. களத்தில் பெட்டி மாற்றப் போகிறவருக்குக் கன்ஃபிக் மாற்றும் அனுமதி இல்லை என்றால் இன்னொருவரைப் போனில் பிடிக்கவேண்டும். இரண்டு, தகுதியுள்ள இரண்டும் ஒன்றாக விழுந்தால் மீதமுள்ளவை அநாதை. எட்டு லைன் கார்டு பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தாலும் தலைமை ஏற்க ஆளில்லை. எனவே அந்த இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டியிருப்பவர்கள் இந்த வழியைத் தொடுவதற்கு முன் கேபிளை மாற்றுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வந்தபடியே | ஏணி | மேலே இருவர் சமம் | பொறுப்பை எழுதுவது |
|---|---|---|---|---|
| ஒன்றாக எழும்போது | மேக் தீர்மானிக்கும் | உச்ச எண் | இருவரில் ஒருவர் | எழுதிய இருவரில் ஒருவர் |
| ஆக்டிவ் விழுந்தால் | யாரும் வரலாம் | அடுத்த படி | இணையான மற்றவர் | எழுதிய மற்றவர். அவரும் போனால் ஆளில்லை |
| திரும்பி வரும்போது, ஜூனிப்பரில் | அமைதி | இன்னொரு கைமாற்றம் | அமைதி | அமைதி |
| திரும்பி வரும்போது, சிஸ்கோ, ஐஆர்எஃப், ஐஸ்டாக்கில் | அமைதி | அமைதி | அமைதி | – |
| ஸ்பேர் சேர்க்கும் ஆபத்து | அதிகம் | குறைவு | குறைவு | மிகக் குறைவு |
| பெட்டி மாற்றும் வேலை | எதுவுமில்லை | எண்ணை மறுபடி வைக்கவேண்டும் | எண்ணை மறுபடி வைக்கவேண்டும் | சீரியல் நம்பர் மாற்றம் |
| நள்ளிரவில் புரியுமா | புரியாது | உடனே | நிலை கேட்டால் | கன்ஃபிக்கிலேயே இருக்கும் |

சிஸ்கோ, ஐஆர்எஃப், ஹுவாவே வைத்திருப்பவர்களுக்கு ஏணி. அதிலும் மூன்று படி போதும். ஜூனிப்பரில் இரண்டு மூன்று பெட்டி என்றால் சம எண். அதற்கு மேல் போனால் ப்ரீப்ரொவிஷன். நான் இப்படித்தான் பிரிப்பேன். எண் கொடுத்தாகிவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. எந்தப் பெட்டிக்கு அந்த எண் என்பதில் இன்னும் சில சிக்கல் இருக்கிறது.

## உச்ச எண் எந்தப் பெட்டிக்கு?

அப்லிங்க் இருக்கும் பெட்டியையே ஆக்டிவாக வைக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெட்டி இருந்தால் அது சரியில்லை. சிஸ்கோவின் வளாக வடிவமைப்பு வழிகாட்டிகளும் அப்லிங்க் இல்லாத பெட்டிக்குத்தான் தலைமையைக் கொடுக்கச் சொல்கின்றன. காரணம் எளிது: அப்லிங்கும் தலைமையும் ஒரே பெட்டியில் இருந்தால் அது விழும்போது இரண்டு இழப்பும் ஒரே நேரத்தில். டிராஃபிக் மற்ற அப்லிங்குக்குத் திரும்பவேண்டிய அதே கணத்தில், அதைக் கணக்கிடவேண்டிய தலைமையும் கைமாறிக்கொண்டிருக்கும். நான்கு பெட்டி என்றால் 1-இலும் 4-இலும் அப்லிங்க், 2-ம் 3-ம் ஆக்டிவ், ஸ்டாண்ட்பை. மூன்று என்றால் ஆக்டிவ் மட்டுமாவது அப்லிங்க் இல்லாத நடுப்பெட்டியில் இருக்கட்டும். இரண்டே பெட்டிக்குத் தப்பிக்க வழியில்லை.

ஆக்டிவும் ஸ்டாண்ட்பையும் வேறு வேறு பவர் ஃபீடில் இருக்கவேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. வேறு வேறு மாடல் கலந்த ஸ்டாக்கில் திறன் கூடிய பெட்டிக்கே உச்ச எண்.

ஐஆர்எஃப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. ஸ்டாக் கேபிள் அறுந்து இரண்டு பாதியாகப் பிரிந்தால், எந்தப் பாதி உயிரோடு இருக்கவேண்டும் என்பதை மேட் எனும் கண்டறியும் முறை தீர்மானிக்கும். அதன் வகைகளான பிஎஃப்டி வழி மேட், ஏஆர்பி வழி மேட் இரண்டும் அங்கே பிரையாரிட்டியைப் பார்ப்பதில்லை. எந்தப் பாதியின் மாஸ்டருக்கு மெம்பர் எண் சிறியதோ அது தங்கும், மற்றது தன் போர்ட்களை மூடிக்கொள்ளும். நீங்கள் மெம்பர் 3-க்கு 32 கொடுத்து மாஸ்டராக்கியிருந்தால், பிளவு நேரத்தில் மெம்பர் 1 இருக்கும் பாதி ஜெயித்து, உங்கள் மாஸ்டர் இருக்கும் பாதி இருட்டில் போகலாம். மெம்பர் எண்ணும் பிரையாரிட்டியும் ஒரே வரிசையில் இருக்கும்படி வையுங்கள்.

இரண்டு பெட்டி ஜூனிப்பர் ஸ்டாக்கில் இதற்கு எதிர்மாறான சங்கடம். பிளவைக் கண்டறியும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு பெட்டி செத்ததா கேபிள் அறுந்ததா என்று மிச்சமிருக்கும் பெட்டியால் பிரித்தறிய முடியாது. தன்னையே முடக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டே பெட்டி என்றால் அந்த வசதியை அணைத்துவிடச் சொல்வதும் ஜூனிப்பரே.

## கைமாறும்போது மேக் என்ன ஆகிறது?

பிரையாரிட்டியை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் இதைக் கவனிக்காவிட்டால் கைமாற்றம் வலிக்கும். ஸ்டாக்குக்கு என்று ஒரு மேக் முகவரி உண்டு, வழக்கமாக ஆக்டிவுடையது. ஆக்டிவ் மாறி இந்த முகவரியும் மாறினால் ஸ்பானிங் ட்ரீயின் பிரிட்ஜ் அடையாளம் மாறும். பல கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் எல்ஏசிபியின் அடையாளம் மாறி எதிர்முனையில் அந்தக் கட்டு (போர்ட் சேனல்) விழுந்து எழும். ஸ்டாக்கே கேட்வேயாக இருந்தால் ஒவ்வொரு கருவியும் ஏஆர்பியை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பதிவு) புதுப்பிக்கவேண்டும். பெட்டி மாறியதை உணராத பயனர் இதை உணர்ந்துவிடுவார்.

3750-இல் சொல்லாவிட்டால் உடனே மாறிவிடும். பெர்சிஸ்டன்ட் டைமரை 0 என்று வைத்தால் மாறாமல் நிற்கும். 0 என்றால் காத்திருக்காதே என்று நினைத்துவிடாதீர்கள், எப்போதும் வைத்திரு என்று பொருள். 3850, 9300-இல் வந்தபடியே மாறாமல்தான் இருக்கும். "ஷோ ஸ்விட்ச்" வெளியீட்டின் தலைப்பில் மேக் காத்திருப்பு நேரம் "இன்டெஃபினிட்" என்று காட்டும். ஜூனிப்பர் ஈஎக்ஸில் 10 நிமிடம், ஐஆர்எஃப் மாடல்கள் பலவற்றில் 6 நிமிடம் பழைய முகவரியை வைத்திருந்துவிட்டு மாற்றும். பழைய ஆக்டிவ் அந்த நேரத்துக்குள் எழுந்து வந்தால் சரி, வராவிட்டால் இரண்டாவது அதிர்ச்சி. நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: கழற்றிய பழைய ஆக்டிவை அதே நெட்வொர்க்கில் இன்னொரு இடத்தில் தனியாக மாட்டாதீர்கள். அதன் முகவரியை ஸ்டாக் இன்னமும் போட்டுக்கொண்டிருக்கும்.

## ஸ்பேர் பெட்டிக்கு

கழற்றிய பெட்டி அலமாரிக்குப் போகும்போது அதன் பழைய பிரையாரிட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறது. சிஸ்கோவில் கன்ஃபிக்கை அழித்தாலும் பிரையாரிட்டி பெட்டிக்குள் தங்கும். ஒருகாலத்தில் வேறு ஸ்டாக்கில் 15-ஆக இருந்த பெட்டி, உங்கள் ஸ்டாக்கின் 15-ஓடு மோதினால் ஏணி கொடுத்த பாதுகாப்பு போயிற்று. மேக் எண்ணிடம் தலையெழுத்தைக் கொடுத்ததாகிவிடும். அதனால் அலமாரியில் வைக்கும் முன் கன்சோலில் மாட்டி பிரையாரிட்டியை 1-க்கு இறக்கி, மெம்பர் எண்ணையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டாக்கில் ஓடும் அதே ஃபர்ம்வேரை ஏற்றி வையுங்கள். சேர்க்கும்போது பவரை அணைத்த நிலையில் ஸ்டாக் கேபிளை இரு பக்கமும் முழுதாகச் செருகி, கேபிள் வளையம் (ரிங்) மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பவர் கொடுங்கள். அப்படி எழும் பெட்டி ஏற்கனவே ஆக்டிவ் இருப்பதைப் பார்த்து மெம்பராகச் சேரும். அது ரெடி என்று காட்டிய பிறகு, பழைய படியின் எண்ணை அதற்குக் கொடுங்கள்.